ஏய், புறம்போக்கு!

தமிழில் அநியாயமாகக் கெட்டுப்போன வார்த்தைகளுக்குப் பட்டியல் போட்டால், முதல் மூன்று இடங்களுக்குள் 'புறம்போக்கு' வந்துவிடும். பஸ்ஸில் காலை மிதித்தவன், கைமாற்று வாங்கித் திருப்பித் தராத நண்பன், வேலைக்குப் போகாத மச்சான் எல்லோரையும் இந்த ஒரே பட்டத்தால் கௌரவிக்கிறோம்.

தாலுகா ஆபீசில் மட்டும் இது இன்னும் மரியாதையான வார்த்தை. யார் பெயரிலும் பட்டா இல்லாத, தீர்வை கிடையாத, ஊர்ப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கிய நிலம் என்று அர்த்தம். ஏரிப் புறம்போக்கு, பாதைப் புறம்போக்கு, சுடுகாட்டுப் புறம்போக்கு, அப்புறம்... மேய்க்கால் புறம்போக்கு.

கடைசியாகச் சொன்னதுதான் இந்த வார சமாசாரம். ஊர் மாடுகள் மேய்வதற்கென்றே ஊர் விட்டு வைத்த நிலம். சாயங்காலம் மாடுகள் கூடி நிற்க ஓர் இடம் உண்டு, அதற்குப் பெயர் மந்தைவெளி. மயிலாப்பூருக்குப் பக்கத்தில் அந்தப் பெயரில் ஒரு பேட்டையே இருக்கிறது. அங்கே சதுர அடி என்ன விலை என்று இன்றைக்கு விசாரித்தால் நாமே 'அம்மா' என்று கத்துவோம்.

எங்கள் மேற்குப் பக்கத்துக்கு வருவோம். ஆவடி என்ற பெயருக்கு இரண்டு கதைகள் சொல்வார்கள். ஒன்று, ராணுவ வண்டிகள் சம்பந்தப்பட்ட நாலைந்து இங்கிலீஷ் வார்த்தைகளின் முதல் எழுத்துகள் சேர்ந்து ஆவடி ஆயிற்று என்பது. டாங்க் தயாரிக்கும் தொழிற்சாலை வந்தது 1960-களில். 1955 ஜனவரியிலேயே ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்து, 'சோஷலிச மாதிரி சமுதாயம்' என்று தீர்மானமும் போட்டாயிற்று. இந்தத் தேதிகளைப் பார்த்தால் அந்தக் கதை கொஞ்சம் நொண்டுகிறது. (2021-ல் 'ஆர்மர்டு வெஹிகிள்ஸ் நிகம்' என்றே ஒரு கம்பெனி ஆரம்பித்து அதன் தலைமையகத்தை ஆவடியில் வைத்துவிட்டார்கள். கதைக்கு லேட்டாக ஆதாரம் கிடைத்துவிட்டது!) இன்னொரு கதை, 'ஆ' என்றால் பசு, பசுக்கள் நிறைந்த இடம் ஆவடி என்பது. பண்டிதர்கள் ஒத்துக்கொள்வார்களா தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு சி.டி.எச். ரோட்டில் டூ வீலரில் வருகிறவர்கள் உடனே ஒத்துக்கொள்வார்கள்.

சாலையின் நடுவே, மீடியனை ஒட்டி, வரிசையாகப் படுத்து அசை போட்டுக்கொண்டிருக்கும். ஹார்ன் அடித்தால் 'உனக்கு என்னப்பா அவசரம்?' என்று பார்க்கும். அதைச் சுற்றிக்கொண்டு போகிறவன் லாரியைப் பார்க்க மறந்தால், மறுநாள் பேப்பரில் நாலு வரி.

*

திருமுல்லைவாயிலில் எங்களுக்குப் பால் ஊற்றுகிறவரிடம் இது பற்றி ஒரு நாள் பேச்சுக் கொடுத்தேன்.

"ராத்திரியில கட்டிப் போட வேண்டியதுதானே?"

"கட்டலாம் சார். கட்டுனா தீவனம் நான் போடணும். அவுத்து வுட்டா ஊரே போடுது."

"கார்ப்பரேஷன்ல புடிச்சா அபராதம்?"

"அதையும் தீவனச் செலவுல எழுதிக்க வேண்டியதுதான்!"

பி.காம். படித்த எனக்கு இதற்கு மேல் ஒருவர் செலவுக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. 2023-ல் அரும்பாக்கத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு சிறுமியை மாடு முட்டித் தள்ளிய காட்சி எல்லார் செல்போனிலும் ஓடியது. அப்புறம் சென்னையில் அபராதத்தை ஏற்றினார்கள். மாடுகளும் கொஞ்ச நாள் குறைந்தன. அபராதம் ஏறினால் மாடு கொட்டகைக்குப் போகும், சரி. ஆனால் புல்? அது எந்த சர்க்குலரிலும் முளைக்காதே!

"எங்கப்பா காலத்துல இந்தாண்ட பூரா வெளி சார். காலையில ஓட்டிட்டுப் போனா, சாயங்காலம் அதுவா வயிறு ரொம்பி வரும். கம்பெனி வந்துது, நகர் வந்துது. மாடு மட்டும் அப்படியே இருக்குது" என்றார்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது 1964-ல். அதே அம்பத்தூரில் ஆவின் பால் பண்ணையும் இருக்கிறது. பால் மாவட்டங்களிலிருந்து டாங்கரில் வந்து இறங்குகிறது. புல் டாங்கரில் வருவதில்லை. ஆகவே உள்ளூர் மாடு சினிமா போஸ்டரையும், ஓட்டல் இலையையும், முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பையோடு சாம்பார் சாதத்தையும் சாப்பிடுகிறது. சாதம் ஜீரணமாகும். பை வயிற்றிலேயே தங்கும். கால்நடை டாக்டர்கள் ஆபரேஷன் செய்து கிலோக் கணக்கில் பிளாஸ்டிக் எடுத்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

*

'அவுத்து விட்டா ஊரே போடுது' என்று பால்காரர் ஒரே வரியில் சொன்னதை, அமெரிக்காவில் காரெட் ஹார்டின் என்ற உயிரியல் பேராசிரியர் 1968-ல் ஒரு முழுக் கட்டுரையாக எழுதினார். ஒரு பொது மேய்ச்சல் நிலம். பத்துப் பேர் மாடு மேய்க்கிறார்கள். ஒருத்தன் கூடுதலாக ஒரு மாடு வாங்கி விட்டால் அதன் பால் முழுக்க அவனுக்கு. புல் குறைகிற நஷ்டமோ பத்துப் பேருக்கும் பங்கு. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! பத்துப் பேரும் இதே கணக்கைப் போட்டால், கடைசியில் மாடு இருக்கும், புல் இருக்காது. ஆகவே பொது நிலம் என்றாலே நாசம்தான் என்றார்.

எலினார் ஆஸ்ட்ராம் என்ற அம்மாள், ஊர் ஊராகப் போய் இது நிஜம்தானா என்று பார்த்தவர்கள் எழுதியதையெல்லாம் தேடிச் சேர்த்தார். சுவிட்சர்லாந்து மலையில் டோர்பெல் என்று ஒரு கிராமம். அங்கே 1517-லேயே ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார்கள். பனிக்காலம் முழுக்க உன் சொந்தக் கொட்டகையில் எத்தனை மாட்டுக்குத் தீனி போட்டுக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாட்டை மட்டும்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம். மீறினால் அபராதம். வசூலிக்கிறவருக்கு அதில் பாதி. (நம் ஊரில் இந்தக் கடைசி ஷரத்தை மட்டும் விதி இல்லாமலே அமல்படுத்தியிருக்கிறோம்.) அந்த மேய்ச்சல் நிலம் நூற்றாண்டுகளாகப் பாழாகவில்லை.

பொது நிலம் கெடுவதற்குக் காரணம் அது பொதுவாக இருப்பது அல்ல, அதற்கு விதியும் கேட்பாரும் இல்லாததுதான் என்றார் அந்த அம்மாள். 2009-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. அந்தப் பரிசு வாங்கிய முதல் பெண் அவர்தான்.

*

சரி, விதி போட்டாயிற்று. புல்லை எப்படி மேய விடுவது? 'இதில் என்ன இருக்கிறது, அவிழ்த்து விட வேண்டியதுதானே' என்கிறீர்களா? பாங்க் பாஸ்புக் வைத்திருக்கிறவர்கள் கவனியுங்கள்.

புல்லின் இலைதான் சம்பாதிக்கிற ஆள். வெயிலை வாங்கிச் சர்க்கரையாக்கி, மீந்ததைத் தண்டின் அடியிலும் வேரிலும் சேமிக்கிறது. மாடு இலையைக் கடித்துவிட்டால் வருமானம் நின்றுவிடும். புல் சேமிப்பிலிருந்து எடுத்துப் புது இலை விடுகிறது. அந்த இலை வளர்ந்து, செலவழித்ததைத் திருப்பிக் கட்டுகிற வரை கணக்கு ஓவர்டிராஃப்டில் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து மாடு திரும்பி வந்து, இளசாக இருக்கிறதே என்று அதையும் கடிக்கும். மறுபடி சேமிப்பில் கை. மூன்றாவது தடவை பாங்க் திவால். நல்ல புல் செத்துப் போய் அங்கே பார்த்தீனியம் வரும், சீமைக் கருவேலம் வரும். சீமைக் கருவேலங் காயைத் தின்று, விதையைச் சாணத்தோடு எருவும் சேர்த்துப் பத்திரமாக விதைப்பதும் அதே மாடுதான்.

ஆவடியில் காங்கிரஸ் தீர்மானம் போட்ட அதே 1955-ல், அமெரிக்க விவசாயத் துறையில் கிரைடர் என்பவர் புல்லை வெட்டி வெட்டி வேரைப் பார்த்தார். இலையில் பாதிக்குள் வெட்டினால் வேர் அநேகமாகக் கண்டுகொள்வதில்லை. எண்பது, தொண்ணூறு சதவீதம் வெட்டினால் வேர் வளர்ச்சியே பல நாள் நின்றுவிடுகிறது. இதிலிருந்து வந்ததுதான் உலகெங்கும் மேய்ச்சல்காரர்கள் சொல்லும் சுலோகம்: பாதி எடு, பாதி விடு. வட்டியைத் தின்னு, அசலில் கை வைக்காதே என்று எங்கள் அக்கவுண்டன்சி வாத்தியார் சொன்னதும் இதுதான்.

இதைப் பண்ணையில் நடைமுறையாக்கியவர்களில் முக்கியமானவர் ஆந்த்ரே வாஸான் என்ற பிரெஞ்சுக்காரர். ரசாயனம் படித்துவிட்டு மாடு வைத்திருந்தவர். 1950-களில் தன் மாடுகள் பின்னாலேயே நடந்து கணக்கெடுத்தார். மாடு ஒரு நாளைக்குச் சுமாராக எட்டு மணி நேரம்தான் மேயும். மீதியில் அசை போடும், படுக்கும். வயிறு நிறையவில்லை என்றாலும் ஓவர்டைம் பார்க்காது! (அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்த யூனியனும் வாங்கித் தராத சலுகை.) அதற்கு மேல்தாடையில் முன்பல்லும் கிடையாது. நாக்கால் புல்லை வளைத்து இழுத்துத்தான் கிழிக்க வேண்டும். புல் கட்டையாகப் போனால் ஒவ்வொரு வாய்க்கும் வருவது குறைவு. எட்டு மணி நேரம் உழைத்தும் அரை வயிறு. பால் குறையும். 'மாடு சோம்பேறி' என்று நாம் சொல்லுவோம்.

மாடு எத்தனை என்பதை விட, ஒரே இடத்தில் எத்தனை நாள் என்பதுதான் முக்கியம் என்றார் வாஸான். நிலத்தைப் பத்தாகப் பிரி. ஒரு பகுதியில் மூன்று நாளுக்கு மேல் விடாதே. அடுத்த பகுதிக்கு ஓட்டு. சுற்றி வருவதற்கு முப்பது நாள். ஒவ்வொரு பகுதிக்கும் இருபத்தேழு நாள் லீவு. அதற்குள் புல் கடனை அடைத்துச் சேமிப்பும் போட்டிருக்கும். தின்ற சத்தில் பெரும்பகுதியை மாடும் சாணமாக, மூத்திரமாக அங்கேயே திருப்பிப் போட்டிருக்கும்.

இதில் ஒரு சூட்சுமம். மழைக் காலத்தில் புல் வேகமாக வளரும், சீக்கிரம் சுற்றி வரலாம். கோடையில் வளர்ச்சி மந்தம், லீவை இரட்டிப்பாக்க வேண்டும். நாம் செய்வது நேர் எதிர். கோடையில் புல் இல்லையே என்று அவசர அவசரமாக அடுத்த பகுதி, அதற்கடுத்த பகுதி என்று ஓட்டுவோம். சம்பளம் வராத மாதத்தில் கிரெடிட் கார்டைத் தேய்க்கிற அதே புத்தி. கோடையில் வேண்டியது வைக்கோல், சோளத்தட்டை. அதுவும் பற்றாவிட்டால் இரண்டு மாட்டை விற்றுவிடுவது.

*

பிரான்ஸ், அமெரிக்கா எல்லாம் எதற்கு? நம் காங்கயத்துக்கு வாருங்கள்.

காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் ஆண்டு மழை 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். சென்னையில் 1,400. எங்களுக்குப் பெய்வதில் பாதிகூட இல்லை. அந்த வானம் பார்த்த பூமியில் தலைமுறை தலைமுறையாக ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். பெயர் 'கொரங்காடு'. (குரங்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) பட்டா நிலம்தான், ஆனால் பயிர் போடாமல் மேய்ச்சலுக்கென்றே வைத்திருப்பது.

சுற்றிலும் முள்ளுக்கிளுவையால் உயிர்வேலி. மழை பொய்த்தாலும் காயாமல் நிற்கும், ஆடும் மாடும் தாண்டாது. ஆகவே மேய்ப்பவன் பின்னாலேயே அலைய வேண்டாம். தரையில் கொழுக்கட்டைப் புல். (பேர்தான் பிள்ளையாருக்கு, பண்டம் நந்திக்கு!) வறட்சியில் கருகினாலும் ஒரு மழைக்குத் தளிர்த்து எழுந்துவிடும். நடுநடுவே வெள்வேல மரங்கள். வெயிலுக்கு நிழல், புல் இல்லாத மாதத்தில் காய்கள் உதிர்ந்து தீனி. நிலம் வேலி வேலியாகப் பிரிந்திருப்பதால் ஒன்றில் மேய விட்டு மற்றதைக் காய விடலாம். வாஸான் புத்தகம் எழுதி விளக்கியதை இவர்கள் முள் நட்டே முடித்துவிட்டார்கள்.

காங்கயம் மாடு இந்தக் கொரங்காட்டில் வளர்ந்த மாடு. கன்று பிறக்கும்போது செவலை, ஆறு மாசத்துக்குள் நிறம் மாறிவிடும். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தை வளர்த்த கதை ஊரறிந்தது. இன்று குட்டப்பாளையத்தில் உள்ள சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி மையம் மாட்டோடு கொரங்காட்டையும் சேர்த்துக் காப்பாற்றப் பார்க்கிறது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் நின்றவர்களில் எத்தனையோ பேர் அந்த வாரம்தான் காங்கயம், புலிக்குளம், உம்பளச்சேரி என்ற பெயர்களை மனப்பாடம் செய்தார்கள். நல்ல காரியம். ஆனால் மாட்டின் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டோமே தவிர, புல்லின் பெயரைச் சொல்லி யாரும் போடவில்லை. கொழுக்கட்டைப் புல் இல்லாமல் காளை எங்கிருந்து வரும், அலங்காநல்லூர் வாடிவாசலிலிருந்தா? கொரங்காடுகளும் இப்போது காற்றாலை, வீட்டுமனை என்று போய்க்கொண்டிருக்கின்றன.

சுற்று மேய்ச்சல் என்றால் மந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். ஜிம்பாப்வேக்காரர் ஆலன் சேவரி 2013-ல் ஒரு பிரபல மேடையில், மாடுகளை மந்தையாக ஓட்டியே பாலைவனத்தைப் பசுமையாக்கலாம், பூமி சூடாவதையே திருப்பலாம் என்றார். கைதட்டல் பலம். ஆதாரம் அவ்வளவு பலமில்லை என்று பல விஞ்ஞானிகள் எழுதினார்கள். நிலம் தாங்குகிற அளவுக்கு மேல் மாடு இருந்தால், பத்தாகப் பிரித்தாலும் நூறாகப் பிரித்தாலும் பஞ்சம்தான். நாலு பேர் சம்பளத்தில் நாற்பது பேர் சாப்பிட முடியாது, எவ்வளவுதான் முறை வைத்துச் சாப்பிட்டாலும்.

*

ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, திருநின்றவூர் தாண்டி ரெண்டு ஏக்கர் வாங்கி நாட்டு மாடு வளர்க்கப் போகிறேன் என்று கிளம்பும் தம்பிகளுக்கு நாலு வார்த்தை:

ஒன்று, மாட்டை வாங்குமுன் புல்லைப் போடுங்கள். 300 கிலோ மாடு ஒன்று ஒரு நாளைக்கு 25 கிலோவுக்குக் குறையாமல் பசும்புல் கேட்கும். பால் செலவில் பெரிய தொகையே தீவனம்தான். ரெண்டு ஏக்கரில் பத்து மாடு என்று யூடியூபில் சொல்பவர் மூட்டைத் தீவனம் வாங்கும் பில்லைக் காட்டுவதில்லை.

இரண்டு, வேலியைப் பிரியுங்கள். சோலாரில் ஓடும் மின்வேலிக் கம்பி ஒற்றை இழை போதும். சுளீர் என்று ஒரு தடவை உறைத்தால் மாடு அப்புறம் பக்கத்திலேயே போகாது.

மூன்று, நாலு விரல் உயரத்துக்குக் கீழே புல் போனால் அன்றைக்கே வெளியே ஓட்டுங்கள். குடல்புழுவின் குஞ்சுகள் இருப்பதும் அந்த அடிப்புல்லில்தான். புல்லும் பிழைக்கும், பூச்சி மருந்துச் செலவும் குறையும்.

நாலாவது மாடு வாங்காதவர்களுக்கும் பொருந்தும். ஆவடி, பூந்தமல்லி, வேப்பம்பட்டுப் பக்கம் 'ஏரிக்கரைக் காற்று, ஸ்டேஷனுக்குப் பத்தே நிமிஷம்' என்று மனை நோட்டீஸ் நீட்டுவார்கள். அட்வான்ஸ் கொடுக்குமுன் சர்வே எண்ணை வாங்கிக்கொண்டு அரசின் இணையதளத்தில் 'அ' பதிவேட்டைத் தட்டிப் பாருங்கள். அங்கே 'மேய்க்கால்' என்று இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட், கிராமப் பொது நிலங்களிலுள்ள ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்குத் திருப்பித் தர எல்லா மாநிலங்களும் திட்டம் போட வேண்டும் என்று உத்தரவிட்டது. ரொம்ப நாளாக இருக்கிறோம், நிறையச் செலவழித்துக் கட்டியிருக்கிறோம் என்பதெல்லாம் சாக்கு ஆகாது என்றும் சொல்லிவிட்டது. இருபது வருஷம் ஈ.எம்.ஐ. கட்டி முடிக்கும் நாளில் ஜே.சி.பி. வந்து நின்றால், மாடு கட்டவும் இடமிருக்காது, நாம் படுக்கவும் இடமிருக்காது.

செம்பரம்பாக்கம் ஏரி வற்றும் மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். தண்ணீர் இறங்கிய இடமெல்லாம் பசும்புல். எருமைகள் குனிந்த தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருக்கும். மழை வந்தால் அந்த இடம் ஏரிக்கு, வற்றினால் எருமைக்கு. பட்டா இல்லாத அந்த ஏற்பாடு இன்னமும் நடக்கிறது. கரையோரம் ஒரு குடிசை, அப்புறம் ஒரு ஷெட், அப்புறம் ஒரு நகர் என்று நாம் ஆரம்பித்தால் ஏரிக்கும் இடமில்லை, எருமைக்கும் இடமில்லை. அப்போது தண்ணீர் நம் ஹாலுக்குத்தான் வரும். 2015 டிசம்பரில் வந்ததே!

திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்குப் போனவர்கள் கவனித்திருப்பார்கள். பொதுவாக நந்தி சுவாமியைப் பார்த்துப் படுத்திருக்கும். இங்கேயோ சுவாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்க்கிறது. தொண்டைமான் ராஜாவுக்கு யுத்தத்தில் உதவி செய்யக் கிளம்பியதால் அப்படி என்று தலபுராணம்.

யுத்தம் முடிந்து இத்தனை நூற்றாண்டு ஆகியும் திரும்பி உட்காராமல் இருப்பதைப் பார்த்தால், எனக்கென்னவோ அது புல் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.